பெட்டி இப்போது எந்தத் துறைமுகத்தில்?

கோட்டைப்பட்டினம்,
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் பாசித்துக்கு, அத்தா தாஜுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் என் சர்க்கரை மாத்திரையும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். ஜித்தாவில் நீயும் மருமகள் ஷமீமாவும் பேரன் தௌஹீதும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். ஆயுசு முழுக்க ஊரார் கடிதங்களைச் சுமந்த தபால்காரன் நான். எனக்கென்று ஒன்று எழுதிக்கொள்ளக்கூடாதா? மேலும், போனில் நீ "பெட்டி வந்துருச்சா அத்தா?" என்கிறாய், நான் "இல்லப்பா" என்கிறேன், அதற்குள் உன் முதலாளி கூப்பிட்டுவிடுகிறார். என் மனக்குறையை நான் எப்போதுதான் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் கப்பல் கார்கோவில் ஒரு குண்டூசிகூட அனுப்பாதே. விமானத்தில் அனுப்பு, இல்லாவிட்டால் அனுப்பாமலே இரு. நோன்புக்கு வந்துவிடும் என்று நீ கட்டிக் கொடுத்த பெட்டி. நோன்பு முடிந்து, பெருநாளும் முடிந்து, இப்போது ஹஜ்ஜுப் பெருநாளே வரப்போகிறது. அந்த கார்கோ கம்பெனிக்காரர்கள் தூத்துக்குடி கன்டெய்னரில் ஏற்ற வேண்டியதை வேறு கன்டெய்னரில் ஏற்றி, அது குஜராத்தில் முந்த்ரா துறைமுகத்தில் போய் இறங்கியிருக்கிறது. பால்பவுடருக்கும் கம்பளிக்கும் குஜராத்தில் என்ன வேலை? அங்கிருந்து மும்பைப் பக்கம் நவசேவா, பிறகு கொச்சி, அப்புறம்தான் தூத்துக்குடியாம். நான் இந்த வயசு வரைக்கும் திருச்சியைத் தாண்டியதில்லை. என் பெட்டி இந்தியாவையே சுற்றிப் பார்க்கிறது.

பெட்டி எங்கே நிற்கிறது என்று புரியாமல் தூக்கம் கெட்டதால், அறந்தாங்கிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு இந்தியா மேப் வாங்கி வந்து சுவரில் மாட்டினேன். பெட்டிக்கு அடையாளமாக ஒரு துவரம்பருப்பை சோற்றுப் பருக்கை தடவி முந்த்ராவில் ஒட்டினேன். கப்பல் நகர நகரப் பருப்பையும் நகர்த்துவேன். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் மும்பைக்கும் கோவாவுக்கும் நடுவே பருப்பைக் காணோம். பதறிப்போய் கார்கோ ஆபீஸுக்குப் போன் போட்டு, "ஏம்மா, கப்பல் முங்கிருச்சா?" என்று கேட்டேன். அங்கே வைஷ்ணவி என்று ஒரு பிள்ளை. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இல்லைங்க ஐயா, கப்பல் நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கு" என்றாள். பிறகுதான் கவனித்தேன், பருப்பை ஒரு எறும்புக் கூட்டம் கராச்சிப் பக்கமாக இழுத்துப் போய்க்கொண்டிருந்தது.

தங்கமான பிள்ளை அது. தினமும் பத்து மணிக்கு நான் போன் போட்டால், "ஐயா, காலையில சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். செங்கடல் பக்கம் சண்டை என்றால் சில கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போகும் என்றெல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். இப்போது காண்ட்லாவில் ஆரம்பித்து, கடலோரமாகவே கன்னியாகுமரியைச் சுற்றி ஹால்தியா வரைக்கும் எல்லாப் பெரிய துறைமுகமும் எனக்கு மனப்பாடம். சொல்லிக் காட்டத்தான் வீட்டில் ஆளில்லை.

கேக்கிறேன், வீட்டுக்குப் பின்னாடியே கடல் கிடக்கு. ஜித்தாவுல இருக்கிறதும் கடல், இங்கிட்டு இருக்கிறதும் கடல். நேரா வந்து இறக்கிட்டுப் போறதுக்கு என்ன கேடு? இதைத்தான் அய்யாக்கண்ணுகிட்டக் கேட்டேன். படகை வித்துட்டு மக வீட்டோட இருக்காரே, அவருதான். பெட்டியில வர்ற கோடாலித் தைலத்துக்காக சாயங்காலமானா வந்துருவாரு. "பாய், நம்ம கடல்ல இடுப்பளவு தண்ணிதான். கப்பல் வந்தா தரை தட்டி நின்னுரும். அப்புறம் நீங்களும் நானும்தான் போயித் தள்ளணும்"னாரு.

உங்க அம்மாவோட தங்கச்சி பவுசியா பக்கத்து வீட்டுலதான் இருக்குது. ஒரு வருஷமா எட்டிப் பார்க்கல. பெட்டியில கம்பளி வருதுன்னு தெரிஞ்சதுலேருந்து மீன்குழம்பு வருது. "மச்சான், கம்பளி எங்கிட்டு வருது?"ன்னு கேட்டுக்கிட்டே கிண்ணத்தை வைக்கும். கம்பளி நவசேவாவுல இருந்தப்போ வாளமீன். கொச்சிக்கு வந்ததும் இறால். கோட்டைப்பட்டினத்து வெயில்ல கம்பளியைப் போத்தி என்ன பண்ணப் போகுதோ, அது எனக்கு விளங்கல.

இன்னொரு கூத்தையும் கேளு. ஆப்பிரிக்காவுலேருந்து முந்திரிக்கொட்டை மூட்டை மூட்டையா தூத்துக்குடியில வந்து இறங்குதாம். இங்கே உடைச்சுத் தோலு உரிச்சு, திரும்பக் கப்பல் ஏத்தி அரபு நாட்டுக்கு அனுப்புறாங்களாம். அப்ப நீ ஜித்தா கடையில வாங்கி வச்ச முந்திரி, நம்ம ஆலங்குடிப் பக்கம் உடைச்சதாக்கூட இருக்கும். கடல் தாண்டிப் போன முந்திரிக்கு ஊர் திரும்பத் தெரியுது. நீ போயி நாலு வருஷமாச்சு. உன்னைக் குத்திக் காட்டலப்பா, துறைமுகத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன்.

உண்மையைச் சொல்லிடுறேன். பெட்டி கிளம்புறதுக்கு முன்னாடி நீ வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவ. "நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா, வைக்கிறேன்." மத்த நாள்ல இந்த வீட்டுல பேசுறது பிரஷர் குக்கர் மட்டுந்தான். உங்க அம்மா போனதுக்கப்புறம் அதுவும் ஒரு விசிலோட நிறுத்திக்குது. பெட்டி தொலைஞ்ச நாள்லேருந்துதான் நீ தினமும் கூப்பிடுற. நல்ல விஷயம்தான். இருந்தாலும் ஒரு பெட்டிக்காக நீ இப்படிக் கவலைப்படக்கூடாது. அதனால்தான் சொல்கிறேன், கப்பல் சகவாசமே இனி வேண்டாம்.

ஷமீமாவுக்கு என் ஸலாம். தௌஹீத் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம். கடலிலும் கரையிலும் உங்கள் எல்லோரையும் ரஹ்மான் காப்பானாக.

துஆவுடன்,
உன் அத்தா,
மு. தாஜுதீன், தபால்காரர் (ஓய்வு).

பின்குறிப்பு: பெட்டி வந்துவிட்டது. போன வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, தெருவே தூங்கும் நேரத்தில், குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. உள் அறையில் தள்ளி, மேலே அரிசி மூட்டையைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் பத்து மணிக்கு வைஷ்ணவிக்குப் போன் போட்டேன். "உங்க பெட்டி டெலிவரி ஆயிருச்சே ஐயா, இனிமே நீங்க கூப்பிட வேண்டியதில்லை" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பவுசியாவிடம் கம்பளி தூத்துக்குடியில் நிற்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உள்ளே தைலப் பாட்டில் உடைந்திருக்கிறது போல. அய்யாக்கண்ணு மூக்கை உறிஞ்சி, "என்ன பாய், தைல வாசனை அடிக்குது?" என்றார். "தலைவலி, அறந்தாங்கியில வாங்கினேன்" என்றேன். மேப்பைப் பார்த்தார், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "சரிங்க பாய், நாளைக்கு வந்து கேக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். மறுநாளும் வந்து, "பெட்டி இப்ப எந்தத் துறைமுகத்துல இருக்கு?" என்று கேட்டார்.

அடுத்த பெட்டியையும் கப்பலிலேயே போடு. ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிற கப்பல் இருந்தால் அதில் போடு. இந்தப் பெட்டியை நான் பிரிக்கப் போவதில்லை. பால்பவுடர் டப்பாவில் போட்டிருக்கிற தேதி முடிவதற்குள் நீ வந்து பிரி. இந்தக் கடிதம் உன் கைக்கு வர எப்படியும் ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீ தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்ப. படிச்சதுக்கு அப்புறமும், ஒண்ணும் தெரியாத மாதிரி, கேளுப்பா.