ஓட்டுப் போடுங்கள் என்று எழுதத் தெரியாத வேட்பாளர்

தேர்தலில் நிற்பவர்கள் டெபாசிட்டை இழப்பதுண்டு, தூக்கத்தை இழப்பதுண்டு. உடன்பிறந்த தம்பியின் கல்யாண விருந்தை இழந்த வேட்பாளர் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதுவும் நம்மூர்த் தேர்தல் இல்லை. ஸ்லோவாக்கியாவில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் ஊர்மன்றத் தேர்தல். கல்யாணம் நடந்தது சேரன்மகாதேவியில்.

என் கணவருக்கு ஸ்லோவாக்கியாவில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை. எனக்கும் அங்கேயேதான், கார்க் கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்க்கிற பிரிவில். நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி கிடைத்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாவிட்டாலும், அனுமதி பெற்றவர்கள் ஊர்மன்றத்துக்கும் மாகாண மன்றத்துக்கும் ஓட்டுப் போடலாம். தேர்தலில் நிற்கவும் செய்யலாம்.

எங்கள் தெருவிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடைபாதை கிடையாது. மரத்தடி ஏற்றிய லாரிகள் உரசிக்கொண்டு போகும். பனிக்காலத்தில் என் மகள் வாய்க்கால் ஓரமாக வழுக்கி வழுக்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். ஊர்மன்றத்தில் போய்க் கேட்டேன். ஊர்த்தலைவர் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே தேர்தலில் நில்லுங்களேன்" என்றார். (அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் நின்றுவிட்டேன்.)

செய்தி ஊருக்கு எட்டியதும் சங்கரன் மாமா போன் செய்தார். என் அம்மாவின் தம்பி. வார்டு தேர்தலில் நின்ற போதெல்லாம் தோற்றவர். அதனாலேயே எங்கள் குடும்பத்தின் அரசியல் நிபுணர்.

"எந்தக் கட்சிட்டி?"

"சுயேச்சை மாமா. இங்க ஊர்த் தேர்தல்ல பாதிப்பேரு சுயேச்சைதான். தலைநகர்ல இடதுசாரிக் கட்சியும் சர்ச்சுக்காரங்க கட்சியும் மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டாங்க. எங்க ஊர்ல ரெண்டும் கூட்டு."

"நம்ம ஊரு மாதிரிதான் இருக்கு. சின்னம் என்ன குடுத்திருக்கான்?"

"சின்னம் கிடையாது. பேருக்கு முன்னால நம்பர் இருக்கும். பிடிச்ச நம்பரைச் சுத்தி வட்டம் போடணும்."

"சின்னம் இல்லாம என்னத்தைக் காட்டிட்டி ஓட்டுக் கேப்ப? பாவம் அந்த சனங்க" என்றார் மாமா.

தேர்தல் அக்டோபர் கடைசியில். தம்பி கல்யாணம் அதற்கு முன்னால் ஆவணியில் வந்தது. விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். கையோடு துண்டுப் பிரசுர வேலையும் வந்தது. அங்கே என் பக்கத்து வீட்டு மார்தா, "எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு ரோஷம். சந்தையில் முட்டைக்கோஸ் பேரம் பேசுகிற அளவுக்கு மொழி வந்தவளுக்கு ஒரு பக்கம் எழுத வராதா?

பந்தல்காரரும் சமையல்காரரும் மாறி மாறிக் கூப்பிட்ட ஒரு மத்தியானத்தில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதி முடித்தேன். கீழே கொட்டை எழுத்தில் "எனக்கு ஓட்டுப் போடுங்கள்". அதன் கீழே என் கைப்பேசி எண். அங்குள்ள அச்சகத்துக்கு நேராக அனுப்பிவிட்டேன். வீடு வீடாகத் தபால் பெட்டியில் போட மார்தாவின் கணவர் பாலோ ஒப்புக்கொண்டார். பாலோவுக்கு எதையும் படிக்கிற பழக்கம் இல்லை.

கல்யாணம் காலையில் குறையில்லாமல் நடந்தது. சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. மணமேடைக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையும் சந்தனக் கிண்ணமுமாக நிற்கிறேன். போன் அடித்தது. அங்கே அப்போது மத்தியானம்.

"கூப்பிடச் சொன்னீர்களே, கூப்பிட்டுவிட்டேன்" என்றது ஒரு பெண் குரல், ஸ்லோவாக்கில். "சொல்லுங்கள், என்ன விஷயம்?"

"நான் கூப்பிடச் சொல்லவில்லையே?"

"பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே."

வைத்தேன். மறுபடி அடித்தது. யோசெஃப் என்று ஒரு பெரியவர். அவரும் கூப்பிடச் சொன்னதால்தான் கூப்பிட்டாராம். மூன்றாவது ஆளும் அதையே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த மொழியில் "வொல்தே" என்றால் ஓட்டுப் போடுங்கள். "வொலய்தே" என்றால் கூப்பிடுங்கள். நடுவில் ஒரு சின்ன "அய்". அந்த "அய்"யை நான் தாராளமாகச் சேர்த்திருந்தேன். ஊர் முழுக்க, ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும், "என்னைக் கூப்பிடுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் ஊர்த்தலைவரே கூப்பிட்டார். "நானும் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று" என்றார். அவர் பின்னால் ஓர் அறையே சிரித்தது.

மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். அழுகை வந்தது. மாமா தேடிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் விலகிருதேன் மாமா. ஊரே சிரிக்கி."

"யாரு யாரு கூப்பிடுதாவ?"

"எல்லாரும்தான்."

"ஏட்டி, நான் ஓட்டுக் கேட்டுப் போன் பண்ணுனா ஒரு பய எடுத்ததில்ல. ஒனக்கு சனம் தானா வந்து விழுது, நீ அழுதுக்கிட்டு நிக்க." சொல்லும்போதே போன் அடித்தது. மாமா என் கையிலிருந்து பிடுங்கி, "அண்ணாச்சி, சாப்பிட்டியளா? நம்ம பிள்ளைதான், பாத்துச் செய்யுங்க" என்று யாரோ ஒரு ஸ்லோவாக்கியரிடம் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

எதிர்முனையில் அதே யோசெஃப். "இப்போது பேசியது யார்?"

"என் தாய்மாமா. உங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்."

"மனைவி போன பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை" என்றார் அவர். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். மருந்து வாங்கப் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். ரோட்டோரம் நடக்கப் பயம். போன பனிக்காலத்தில் விழுந்து இடுப்பில் அடி.

என் அழுகை நின்றது. இது என் மகளின் வழியல்லவா? அடுத்த அழைப்பில் நானே கேட்டேன், "சாப்பிட்டீர்களா? சொல்லுங்கள், என்ன குறை?" குப்பை வண்டி, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று எல்லாம் வந்தது. ஆனால் பாதிப்பேர் வாயில் அந்த நடைபாதைதான். நாதஸ்வரத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மணமேடை ஓரத்துக்குத் திரும்பி வந்து நின்று கத்திக் கத்திப் பேசினேன். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகுதான் சாப்பிடவில்லை என்பதே நினைவு வந்தது. (சொதியும் இஞ்சிப் பச்சடியும் பிரமாதம் என்று பின்னால் பலரும் சொல்லக் கேட்டேன்.)

விடுமுறை முடிந்து போனதும், கூப்பிட்டவர்களின் வீடுகளுக்கெல்லாம் நேரில் போனேன். கதவைத் திறந்தவர்கள் என் பெயரைக் கேட்கவில்லை. "ஓ, கூப்பிடச் சொன்ன அம்மாவா, உள்ளே வாங்க" என்றார்கள். மற்ற வேட்பாளர்களின் பிரசுரங்கள் அடுப்பெரிக்கப் போயிருந்தன. என்னுடையது பல வீடுகளில் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. முதலில் சிரிப்பதற்காக ஒட்டினார்களாம். பிறகு போன் எண்ணுக்காக எடுக்காமல் விட்டார்களாம்.

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலையில் மார்தா கதவைத் தட்டவில்லை, இடித்தாள். ஊர்மன்றத்துக்கு நின்ற அத்தனை பேரிலும், கூட்டணிப் பட்டியல்காரர்களையும் சேர்த்து, அதிக வட்டம் விழுந்தது என் எண்ணைச் சுற்றித்தான். ஊர்த்தலைவர் கைகுலுக்கி, "இனி நான் கூப்பிட்டாலும் எடுப்பீர்கள் அல்லவா?" என்றார். எடுத்தேன். நடைபாதை வரும் வரைக்கும் நானும் அவரை விடாமல் கூப்பிட்டேன். இப்போது யோசெஃப் கையை வீசிக்கொண்டு நடந்து போகிறார்.

தேர்தல் முடிவு வந்த அன்று சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் சங்கரன் மாமா சரவெடி வெடித்தார். யாருக்கு வெற்றி என்று கேட்டவர்களிடம், "வட்டம் சின்னத்துக்கு" என்றாராம்.

தம்பியின் கல்யாண வீடியோவை எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டாமல் விடுவதில்லை. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் காட்சி முழுக்கப் பின்னால் நான்தான். ஒரு காதில் விரல், ஒரு காதில் போன், வாயில் ஸ்லோவாக். தம்பி மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம்தான். போன தடவை அவர்களின் மகள் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தை ஏம்ப்பா சண்ட போடுதாவ?"

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"சண்டை இல்ல. அத்தைக்கு ஓட்டு விழுது."