குங்குமம் வைத்த ஹெலிகாப்டர்

மேற்கு ஜெர்மனியிலேயே ஒரு ஹெலிகாப்டருக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் எங்கள் பட்டாளத்தார்தான். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மந்திரியே எதிரில் வந்தாலும் 'என்னவே' தான். ஹெலிகாப்டர் மட்டும் 'அவிய'.

அவருக்கென்று பெயர் ஒன்று இருந்திருக்கும். டார்ம்ஸ்டாட்டில் இருந்த தமிழர்கள் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. திருநெல்வேலிக்காரர். நம் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியே ஒரு முதலாளி, ஜெர்மன் ராணுவம் கழித்துவிட்ட ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கி வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கோடையில் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும். மற்ற நாட்களில் கனமான சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டடங்களின் உச்சியில் வைக்கும். அதற்கு மெக்கானிக் நம்மவர்.

நான் பக்கத்துத் தொழிற்சாலையில் டிராயிங் போடுகிறவன். அவரும் நானும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அவருடைய ஜெர்மன் மொத்தத்தையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்பதால், முக்கியமான பேச்சு என்றால் என்னை இழுத்துக்கொண்டு போவார்.

அந்த ஹெலிகாப்டரை யாராவது பழசு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"பழசுன்னு சொல்லாதேயும்வே, ரிட்டயர்டுன்னு சொல்லும். நானுந்தான் ரிட்டயர்டு. என்னைய பழைய இரும்புக் கடையிலயா போட்டுட்டாவ?"

முதலாளி அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்தபோது, பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு சர்க்கஸ் சட்டை மாட்டிவிட்டான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஹெலிகாப்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார். பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. ஊரில் லாரி என்றால் முன்னால் நகர்ந்து பழத்தை நசுக்கும். இது நேராக மேலே போகிற ரகம். கடைசியில் முதலாளி, பைலட், நான் எல்லோருமாகப் பின்னாலிருந்து தள்ளி அதைப் பழத்தின் மேல் ஏற்றினோம். ஏன் தள்ளுகிறோம் என்று முதலாளி கேட்டதற்கு, பிரேக் சோதனை என்று மொழிபெயர்த்தேன்.

மறுநாள் காலை விமானத்துறை அதிகாரி வருவதாக இருந்தது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஹெலிகாப்டர் பறக்கலாம். பக்கத்து ஊர்த் தேவாலயக் கோபுரத்தில் புதுச் சிலுவையைத் தூக்கி வைக்கும் வேலை காத்திருந்தது. அது கைவிட்டுப் போனால் ஹெலிகாப்டரை உடைக்கக் கொடுத்துவிடுவேன், நீயும் ஊருக்குக் கிளம்பலாம் என்று முதலாளி பட்டாளத்தாரிடம் சொல்லியிருந்தார்.

இரவெல்லாம் மழை. ஹெலிகாப்டர் வெளியேதான் நிற்கும். காலையில் வந்த அதிகாரி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் உடம்பில் உச்சி முதல் சக்கரம் வரை சிவப்புக் கோடுகள். ஹெலிகாப்டரின் குழாய்களில் ஓடும் எண்ணெயும் சிவப்புதான். இவ்வளவு ஒழுகுகிற வண்டியைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

அது பூஜைப் பொடி என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. பட்டாளத்தார் ஒரு கோட்டைத் தொட்டுத் தம் நெற்றியில் வைத்துக் காட்டினார். அதிகாரி இன்னும் கலவரமானார். பிறகு எல்லாவற்றையும் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கோடும் புதிதாக வரவில்லை. அதிகாரி முதல்முறையாகச் சிரித்து, பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, அடியில் படுத்திருந்த பட்டாளத்தார் ஒரு குழாயின் மூட்டில் விரலை வைத்து முகர்ந்தார்.

"வே, இது குங்குமம் இல்ல."

எனக்கு மட்டும்தான் புரிந்தது. குனிந்து, "அண்ணாச்சி, கையெழுத்துப் போடப் போறார். ஒரு சொட்டுதானே, அப்புறம் டைட் பண்ணிக்கலாம்" என்றேன்.

"ரப்பர் சீல் போயிருக்கு. சொல்லும்."

"உங்க வேலை போயிடும்."

"போனா நான் ஊருக்குப் போயிருவேன். மேல போற பைலட் பையன் எங்கவே போவான்?"

நான் ஜெர்மன் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே எழுந்துபோய், சிவந்த விரலை அதிகாரியின் மூக்குக்கு நேராக நீட்டி, "நிக்ஸ் கூட்" என்றார். சரியில்லை என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அதற்குப் போதுமானதாக இருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். முதலாளி சொன்னதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆனால் தேவாலயத்துப் பாதிரியார் நல்ல மனிதர். இத்தனை நாள் தரையில் கிடந்த சிலுவை இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்றுவிட்டார். வேலையும் பிழைத்தது, ஹெலிகாப்டரும் பிழைத்தது.

சீல் மாற்றி, அதிகாரியின் கையெழுத்தும் கிடைத்து, ஒரு வெள்ளோட்டம் விட்டார்கள். மெக்கானிக் கூடவே பறப்பது அந்தத் தொழிலின் வழக்கம். "நீரும் ஏறும்வே" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டார். கிளம்பியதும் தகரம் மொத்தமும் தடதடவென்று ஆடியது. கண்ணை இறுக்க மூடி, கைக்குக் கிடைத்த கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து திரும்பினால், பட்டாளத்தார் அந்த ஆடுகிற சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் கம்பியை விட்டேன்.

எத்தனையோ பெரிய விமானங்களில் போய் வந்துவிட்டேன். இன்றும் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டில் அவர் தூங்குகிறாரா என்றுதான் கண் பார்க்கிறது.