என்னையே வெளியே தள்ளிப் பூட்டிய விவரம்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் தலை மட்டும் சுற்றுகிறது. தங்கள் ஆபீஸ் முகவரிக்கு மெயில் போட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. போனில் சொன்னால் தங்கள் குரல் மாறும், அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆகவே பேனா.

நம் மூக்குக்கண்ணாடிக் கடையின் சர்வரைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க ஒரு கருவியைப் போடச் சொல்லி, படங்களோடு குறிப்பு அனுப்பினீர்கள் அல்லவா? படத்தில் இருந்த எண் முகவரியை அப்படியே அடித்து, தாங்கள் கொடுத்த பாஸ்வேர்டோடு உள்ளே போய், கட்டளைகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். பிறகு பிரவுசரைத் திறந்தால், 'இந்த இடம் பாதுகாப்பானதல்ல, திரும்பிப் போ' என்றது. திரும்பிப் போனேன். மறுபடி வந்தேன், மறுபடி விரட்டியது. 'அது அப்படித்தான் சொல்லும், கண்டுகொள்ளாமல் போங்கள்' என்று தாங்கள் எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். உள்ளே என்னென்னவோ இருந்தது. ஒரு கண்ணாடிக் கடைக்கு இவ்வளவா என்று மலைத்துப்போனேன். கடைசியில் ஃபயர்வால் என்றொரு பக்கம், எந்தெந்த வாசலைத் திறந்து வைக்கட்டும் என்று கேட்டது. இத்தனை பேருடைய கண் அளவு இருக்கும் இடத்தில் எவனாவது புகுந்துவிட்டால்? எல்லாவற்றையும் மூடு என்று அமுக்கினேன். சொன்ன பேச்சைக் கேட்டது, மாப்பிள்ளை. என்னையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

கல்லாவில் இருந்த தங்கள் மாமியாரிடம் ஓடினேன்.

"எல்லாம் போச்சு! இனிமே யாருக்கு என்ன பவர்னே தெரியாது."

"என்ன போச்சு? இப்பத்தான் ஒரு பஸ் டிரைவரோட பழைய பவரை சர்வர்லேருந்து எடுத்து கண்ணாடிக்கு ஆர்டர் போட்டேன். ஜோரா ஓடுது."

"பூட்டிக் கிடக்கிற சர்வர் எப்படிடி ஓடும்?"

"என்னைக் கேட்டா? பூட்டினவர் நீங்க."

மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். சர்வர் பெட்டி பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. என்னை வாசலில் நிறுத்திவிட்டு அவளுக்கு மட்டும் வேலை செய்கிறது. இந்த ஒன்றையாவது மாப்பிள்ளையின் தயவில்லாமல் முடிக்கிறேன் என்று அவளிடம் சவால் விட்டவன் நான். அளவெல்லாம் போனால் கடைப்பக்கமே வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். உண்மையில் பயமாக இருக்கிறது. உடனே வந்து காப்பாற்றவும்.

தாங்களும் மகளும், எந்தக் கதவும் முகத்தில் அடிக்காமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
குழம்பிப்போன மாமனார்

பி.கு.: கவரை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். "அப்பா, அவர் ஆபீஸே முடங்கிக் கிடக்குது. யாரோ பாஸ்வேர்டு போட்டு உள்ள புகுந்து எல்லாத்தையும் மூடிட்டாங்களாம். ஆள் கிடைக்கட்டும், தொலைச்சிடுறேன்னு குதிக்கிறார்" என்றாள். குறிப்பை எடுத்து மறுபடி பார்த்தேன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், 'இது என் ஆபீஸ் சர்வர், மாதிரிக்கு மட்டும். நம் கடை முகவரி அடுத்த பக்கத்தில்' என்று இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரனுக்கும் கண் மங்கும், மாப்பிள்ளை. இரண்டு சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. மேலே எழுதியதைப் படிக்காமலே கிழித்துவிடவும். நம் கடையில் அந்தக் கருவியை இன்னும் போடவே இல்லை. எப்போது ஆரம்பிக்கட்டும்?