தலைமை இயக்குநர் காரின் குளிர்ச்சி குறித்து

பஸ்ரா வடிகால் மேற்பார்வைத் துறையின் தலைமை இயக்குநர் முன்திர் அவர்கள் பயணிக்கும் அரசு வாகனத்தில், ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை பத்து மணி முதல் குளிர்ச்சி வரவில்லை. அனல்காற்று மட்டும் தங்குதடையின்றி வந்துகொண்டிருந்தது.

துறைப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக ஏசி பார்க்கும் குதைர் உஸ்தாவை, அதாவது குதைர் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். பானெட்டைத் திறந்து ஏசிக் குழாய்கள் இரண்டையும் தொட்டுப் பார்த்தான். ஒன்று சில்லென்றும் மற்றது சூடாகவும் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கம்ப்ரஸர் ஓடவில்லை. குழாய் மூட்டில் எண்ணெய்க் கறை. சோப்பு நுரையைத் தடவினான். குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"கேஸ் போயிடுச்சுங்கய்யா. இந்த ரப்பர் வளையம் காஞ்சு வெடிச்சிருக்கு. மாத்திட்டு கேஸ் ஏத்தினா மத்தியானத்துக்குள்ள ஜில்லுன்னு ஆயிடும்."

முன்திர் தலையாட்டப் போனார்; பொறியாளர் நிஹாத் தடுத்தார். வெளிநாட்டில் நாலு நாள் பயிற்சி முடித்து, ஒரு சான்றிதழோடும் திரை வைத்த சோதனைக் கருவியோடும் போன மாதம்தான் அவர் திரும்பியிருந்தார்.

"ஏம்ப்பா, கையால தொட்டா கண்டுபிடிக்கிறது? இதென்ன தர்பூசணியா, தட்டிப் பார்த்து வாங்க?"

"தர்பூசணியிலயும் நான் ஏமாந்ததில்லங்கய்யா" என்றான் குதைர்.

நிஹாத் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். திரை பச்சையானது. 'குறைகள்: பூஜ்யம்.'

"உள்ள ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்கய்யா, அடுப்பு மாதிரி இருக்கு."

"உக்கார்றது சோதனை முறையில வராது."

ஐவர் குழு அமைக்கப்பட்டது. நன்கு குளிரூட்டப்பட்ட கூடத்தில் இரண்டு அமர்வுகள் கூடி, எலுமிச்சைத் தேநீர் அருந்தி, வாகனத்தைப் பார்க்காமலே அது தீர்மானித்தது: 'வாகனத்தில் குறை இல்லை. எனினும் வெப்பம் உணரப்படுகிறது. ஆகவே குறை உணர்பவரிடம் இருத்தல் கூடும்.'

கருவியின் முடிவே இறுதியானது என்ற சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் முன்திர்தான். மறுக்க முடியாமல் மருத்துவக் குழுவின் முன் போய் நின்றார். வாயில் வெப்பமானி வைத்தார்கள். அவரிடமும் குறை இல்லை.

வண்டியும் சரி, இயக்குநரும் சரி. பாக்கி இருந்தது குதைர் ஒருவன்தான். 'குறையற்ற அரசு உடைமையின் மீது குறை சுமத்திய தாங்கள் ஏன் பணிநீக்கம் செய்யப்படக்கூடாது?' என்று ஓலை வந்தது. பதிலளிக்க மூன்று நாள்.

குதைர் இயக்குநர் அறைக்கு ஓடினான். "அய்யா, கால்மணி நேரம் சாவியக் குடுங்க. சத்தமில்லாம மாத்திடறேன்."

முன்திர் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகச் சொன்னார்: "புரியாமப் பேசாதே உஸ்தா. நீ மாத்தி, அது ஜில்லுன்னு ஆயிட்டா, இதுவரைக்கும் ஜில்லுன்னு இல்லன்னு ஆயிடுமே! அஞ்சு பேரு கையெழுத்து என்னாகும்? என் கையெழுத்து என்னாகும்?"

குதைர் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். குதைர் எழுதினான்: 'குளிர்ச்சி இருந்தது. என் கைக்குத்தான் அது தெரியவில்லை. மன்னிக்கவும்.' எழுதிய கையைக் குழாயடியில் வெகுநேரம் கழுவினான். வேலை தப்பியது.

முன்திரோ கார்க் கண்ணாடியை இறக்கினால் குழுவின் முடிவை அவமதித்ததாகும் என்று, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, குளிருக்கு அடக்கமாகக் கோட்டும் போட்டுக்கொண்டு போனார். இறங்கும்போது ஷத் ஆற்றில் முங்கி எழுந்தவர் போலிருந்தார். மேலதிகாரி நனைந்து நிற்க, காய்ந்த சட்டையோடு எதிரே நிற்பது மரியாதையா? கீழதிகாரிகள் தங்கள் கார்களில் நன்றாக ஓடிய ஏசியை அணைத்தார்கள்.

பெரிய மனிதர்கள் எல்லாரும் கண்ணாடியை ஏற்றிக் கோட்டுப் போட்டுப் போவதைப் பார்த்த ஊர், நாமும் சளைத்தவர்களா என்று கிளம்பியது. இரண்டே வாரத்தில், கண்ணாடி இறக்கிய கார் என்றால் வக்கற்றவன் கார் என்று ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை குதைர் தன் பழைய காரில் மனைவி ஹஸ்னாவோடு விருந்துக்குப் போனான். அதில் ஏசி ரொம்ப நாளாகவே இல்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, முட்டாள்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஹஸ்னாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிக்னலில் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே ஹஸ்னாவின் அக்காவும் அவள் புருஷனும். கண்ணாடிகள் இறுக மூடியிருந்தன. முகங்கள் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தன. குதைர் அந்தக் காரின் அடியைப் பார்த்தான். ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டும். தரை காய்ந்து கிடந்தது.

"ஏங்க, கண்ணாடிய ஏத்துங்க! அக்கா பாக்குறா!"

குதைர் ஏற்றினான். இரண்டு குடும்பங்களும் கையசைத்துச் சிரித்துக்கொண்டன. சிவப்பு விளக்கு மாறுவதாக இல்லை.

உதடு அசையாமல் ஹஸ்னா கேட்டாள்: "எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றான் குதைர், கண்ணுக்குள் இறங்கிய வியர்வையைத் துடைக்காமல். "ஒரு சால்வை கொண்டு வந்திருக்கலாம்."