மிசெல்லி அத்தை விழுந்த கட்டில்

லிங்கன்ஷயர்,
ஸ்பால்டிங் போகும் சாலையோரம்,
மே மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மிசெல்லி அத்தைக்கு, உங்கள் அண்ணன் ஏப்ரமின் மகள் லெமென்டினா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, லீவை சித்தப்பா, குதிரைகள் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும் உங்கள் முழங்காலும் அதுபோல் சுகமாக இருக்க வேண்டும். இதை உங்களுக்குப் படித்துக் காட்டப்போகும் உங்கள் மருமகள் ஷீபா அக்காவிடம் ஒரு வேண்டுகோள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில் படிக்கவும். விஷயம் கட்டிலைப் பற்றியது.

அம்மா போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அப்பா செய்தால் எடுத்து, குதிரை விலையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நான் செய்தால் நீங்கள் எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது. அது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பன்னிரண்டு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுத்து என்னை விடவில்லை. சாலையோரத்தில் வண்டி நிறுத்திய நம் ஜிப்சி ஜனங்களைக் கிளம்பச் சொல்லி வரும் நோட்டீஸ்களை எல்லாருக்கும் படித்துக் காட்டுவது நான்தான். எழுத்தில் எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைவு. காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அக்டோபரில் நடந்ததைத் திரும்பச் சொல்லக் கூடாது. சொல்லாமல் மேலே போகவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது, முழங்கால் வலிக்கிறது என்று எங்கள் வீட்டு வண்டியான கேரவனின் பின்கட்டிலில் நீங்கள் கொஞ்சம் சாய்ந்தீர்கள். படார் என்று ஒரு சத்தம். உடனே 'க்யாய்ங்' என்று ஒரு அலறல். எல்லாரும் ஓடிப் பார்த்தால் நீங்கள் கட்டிலுக்குள்ளே மடங்கி உட்கார்ந்திருந்தீர்கள், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். லீவை சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, கட்டில்தானா, சக்கரமும் போச்சா?" என்று கேட்டார். அதோடு விட்டிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும், நீங்கள் அவ்வளவு சீக்கிரம் கோபப்படுகிறவர் இல்லை. ஆனால் அவர் அந்த அலறலையும் செய்து காட்டினார். "நான் கத்தலடா. நான் வாயே தொறக்கல" என்றீர்கள். "பின்ன கட்டிலா கத்துச்சு?" என்றார் அவர். மறுநாள் காலை டீ கூடக் குடிக்காமல் உங்கள் வண்டியை வேனுக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு எந்த நெருப்பைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்தாலும் அந்தக் 'க்யாய்ங்' வருகிறது. அது உங்கள் காதுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆப்பிள்பி குதிரைச் சந்தையில் எப்போதும் உங்கள் வண்டியும் எங்கள் வண்டியும் வாசலுக்கு வாசல் பார்த்து நிற்கும். இந்த வருஷம் மாமாவின் ஆட்களோடு மேட்டின் அந்தப் பக்கம் நிறுத்தப்போவதாகச் சொல்லி அனுப்பினீர்கள். அதைக் கேட்டதும் அம்மா, கழுவி வைத்த பீங்கான் கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். "இருபது வருஷமா அவ கையால டீ குடிக்காம நான் சந்தைக்குள்ள கால் வச்சதில்ல" என்று கோப்பைகளிடம் சொன்னாள்.

ஆகவே அத்தை, நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் பார்த்தேன். அங்கே கண்டதை ஒன்று விடாமல் சொல்கிறேன். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தாங்குவது சுவரில் அடித்த ஒரு மெல்லிய ரீப்பர் கட்டை. அதை வண்டி செய்தவர்கள் ஸ்டேப்ளர் பின் வைத்து அடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு காகிதத்தைச் சேர்த்து அடிப்போமே, அதற்கு அண்ணன் மாதிரி ஒரு பின், அவ்வளவுதான். ஜன்னல் ஓரமாக ஒழுகிய தண்ணீர் அந்த ரீப்பருக்குள் இறங்கி, விரலால் அழுத்தினால் ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. மேலே மெத்தைக்குக் குறுக்காகப் போட்டிருந்த மரப்பட்டிகள் ஜாம் தடவும் கத்தி அளவுக்குத்தான் கனம். நடுவில் ஒரு கால் உண்டு, அதைப் பற்றிப் பிறகு. ஆக, குற்றம் உங்கள் உடம்பில் இல்லை. ஒரு பூனை படுத்திருந்தாலும் அது விழுந்திருக்கும் என்று எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு, "கொஞ்சம் பெரிய பூனைன்னு எழுது. நம்பற மாதிரி இருக்கணும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

சரிசெய்ய ஆரம்பித்ததும் வேறு கஷ்டங்கள். பட்டிகளுக்கு மரம் வேண்டும் என்று லீவை சித்தப்பாவிடம் ஜாடையாகச் சொன்னேன். மறுநாளே அருமையான பட்டிகள் பன்னிரண்டு கொண்டுவந்தார், நல்ல பீச் மரம், வில் போல வளைந்து நிமிரும். எட்டைப் பொருத்தி முடித்த பிறகு அம்மா வந்து, "யார் வீட்டுது?" என்றாள். சித்தப்பா பெருமையாக, "இங்க பக்கத்துல பாஸ்டன் டவுன்ல ஒரு வீட்ட காலி பண்ணிக் குடுத்தேன் அண்ணி. கெழவர் போயிட்டாரு. புள்ளைங்க எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க" என்றார். "எதுல படுத்துப் போனாரு?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா பட்டிகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செத்தவர் பொருளை நாம் எரிப்போமே தவிர வைத்துக்கொள்ள மாட்டோம் என்பது தெரிந்த மனிதர், மரம் நன்றாக இருக்கிறது என்ற ஒரே மயக்கத்தில் அதை மறந்துவிட்டார். பன்னிரண்டும் நெருப்புக்குப் போயின. அதில் எட்டு, நான் போட்ட திருகாணிகளோடு போயின. சாம்பலில் துழாவித் திருகாணிகளை எடுத்தேன். அவற்றையும் உபயோகிக்கக் கூடாது என்றாள் அம்மா.

பிறகு நானே மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். நான் அளவு எழுதிய சீட்டை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "இது கேரவனுக்காம்மா, பாலத்துக்கா?" என்றார். பதில் சொல்ல வராமல் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் மரம் சரியாக அறுத்துக் கொடுத்தார். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், வெறும் ப்ளைவுட் இருக்கும் இடம் தகரடப்பா மாதிரி சத்தம் போடும், உள்ளே சட்டம் இருக்கும் இடம் ஊமையாகிவிடும். அந்த ஊமை இடங்களில் மட்டும்தான் திருகாணி பிடிக்கும் என்று கண்டுபிடித்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

திருகாணிகள்தான் நீளமாகிவிட்டன. வெளிச்சுவரில் ஒன்பது முனைகள் பளபளவென்று நீட்டிக்கொண்டு நின்றன. அம்மா பார்ப்பதற்குள் ஒவ்வொன்றிலும் ஒரு துணியைத் தொங்கவிட்டேன். "என் பொண்ணு துணி காயப்போட ஆணி அடிச்சிருக்கா பாரு" என்று அம்மா பக்கத்து வண்டிக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள். அப்பா அதில் சாய்ந்து நின்று சட்டை முதுகைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. எல்லாவற்றையும் கழற்றி, குட்டைத் திருகாணி போட்டு, ஓட்டைகளைப் பசையால் அடைத்தேன். இப்போது மழைத்தண்ணீர் உள்ளே வருவதில்லை. ஒழுகிக்கொண்டிருந்த ஜன்னலையும் அடைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சோதனை நடந்தது. அப்பா முதலில் உட்கார்ந்தார். பிறகு சித்தப்பா, பிறகு பக்கத்து வண்டிகளிலிருந்து ஐந்து பேர், மொத்தம் ஏழு ஆண்பிள்ளைகள், எல்லாரும் சாப்பிட்டு முடித்தவர்கள். கட்டில் மூச்சு விடவில்லை. சித்தப்பா வழக்கம்போல 'க்யாய்ங்' என்றார். அதைக் கேட்டு அப்பாவின் முயல் துரத்தும் நாய் பெப்பர், தன்னை யாரோ கூப்பிட்டதாக நினைத்து வாசல்படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டது. அம்மா துடைப்பத்தோடு பாய்ந்தாள். "எறங்கு கீழ. நாய் மூச்சு பட்ட எடத்துல மனுஷன் படுக்கறதா? அந்த வண்டிய அப்பறம் கொளுத்தத்தான் வேணும்" என்றாள். பெப்பர் இறங்கி, வண்டிக்கு அடியில் போய் என் காலைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொண்டது.

அத்தை, இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். சந்தையில் எங்களுக்கு எதிரே நிறுத்துங்கள். சாப்பிட்டபின் உள்ளே வாருங்கள். எல்லாரும் பார்க்க அந்தக் கட்டிலில் படுத்து, விருப்பப்பட்ட நேரம்வரை தூங்குங்கள். ஏழு ஆண்பிள்ளைகளைத் தாங்கியது உங்களையும் தாங்கும். இந்த வாக்கியத்தை எப்படி எழுதினாலும் தப்பாகத்தான் வருகிறது, மன்னிக்கவும். மாமாவுக்கும் ஷீபா அக்காவுக்கும் அன்பு. உங்கள் சக்கரங்கள் சேறு காணாமல் ஓடட்டும், உங்கள் கெண்டி எப்போதும் சூடாக இருக்கட்டும்.

உங்கள்,
லெமென்டினா.

பின்குறிப்பு, புதன்கிழமை: நேற்று தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை டோர்செட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஏழு பேர் உட்கார்ந்த கட்டில் என்று கேள்விப்பட்டாராம். அவரும் உட்கார்ந்தார், குதித்தார், படுத்தார். பேரம் முடிந்ததற்கு அடையாளமாக அப்பாவும் அவரும் கையோடு கை அறைந்தார்கள். பத்து மணிக்கு எங்கள் வண்டி அவர் வேனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவருடைய பழைய வண்டி எங்கள் புல்லில் நின்றுகொண்டிருந்தது. பெப்பரையும் சேர்த்துக் கேட்டார். அதை மட்டும் அப்பா கொடுக்கவில்லை.

என் சார்பில் அந்தக் கட்டில் உங்களிடம் பேசும் என்று நினைத்திருந்தேன். அது போய்விட்டது. இனி நான்தான் பேச வேண்டும்.

நடுவில் ஒரு கால் உண்டு என்று எழுதினேன் அல்லவா? அக்டோபரில் அதைக் கழற்றியது நான். பெப்பர் அப்போது பத்து நாள் குட்டி, தாய் போட்ட குட்டிகளிலேயே நோஞ்சான். இது தேறாது, விட்டுவிடு என்று அப்பா சொல்லிவிட்டார். மழையில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பெட்டி அந்தக் காலில் இடித்தது. கழற்றினேன். திரும்ப மாட்டுவதற்குள் நீங்கள் படுத்துவிட்டீர்கள். ஈரம், ஸ்டேப்ளர் பின் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கால் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்கும். எல்லாரும் உங்களைத் தூக்கும்போது குட்டியை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனேன். யாரும் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்ப்பதில்லை, அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. இத்தனை மாதமும் அந்த வசதிக்கான விலையை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் படுக்கைக்கு அடியில் நாயை வைத்ததற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். அம்மாவும் ஒன்று தருவாள். டோர்செட்காரர் விட்டுப்போன வண்டியின் கட்டிலுக்கு அடியிலும் பார்த்துவிட்டேன், அதே ஸ்டேப்ளர் பின்தான். சந்தைக்கு முன்னால் மாற்றிவிடுவேன்.

ஷீபா அக்கா, மெதுவாகப் படிக்கச் சொன்னேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் அப்படிப் படிக்க வேண்டாம். லீவை சித்தப்பா வெள்ளிக்கிழமை குதிரை பார்க்க அங்கே வருகிறார். அவரும் மற்ற ஆண்களும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்று, சத்தமாகப் படியுங்கள். அத்தை கத்தவில்லை. கத்தியது நாய். அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை.