மோட்டார் நானாவின் இரண்டு தேநீர்

கற்பிட்டிக் கரையில் மோட்டார் நானாவிடம் ஏச்சு வாங்காத ஒரே உயிர் கடல்தான். அதற்கும் ஏசியிருப்பார், அலைச் சத்தத்தில் நமக்குக் கேட்டிருக்காது.

தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். பழுதாகிற மோட்டார்தான் அவருக்குச் சோறு. ஆனாலும், திருத்தின மோட்டாரைக் கேட்டுப் போனால் தரமாட்டார். "ஒரு கெழம கெடக்கட்டும். கெணறு மூச்சு வுட வேணாமா?" என்று கதவைச் சாத்துவார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்று, கிணற்றுத் தண்ணீரில் மிளகாய்க் கண்டு வளர்க்கிறவன். எதற்கும் பயப்படுகிறவன். எங்கள் கிணறு லேசாக உப்புக் கரிக்கத் தொடங்கியபோது எனக்கு நித்திரை போயிற்று. என் வீடும் சுற்றியுள்ள நாலு வீடும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அது கெட்டால் தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாள் பார்த்து வாளியோடு நிற்க வேண்டும். அப்போதுதான், தண்ணீரைச் சேமிக்க ஊராருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் தொண்டர்களுக்குப் பயிற்சி என்று அறிவித்தல் வந்தது. ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். எனக்கு முன்னால் மோட்டார் நானாவின் பெயர் இருந்தது.

அந்தப் பயிற்சியை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. குளிரூட்டிய மண்டபம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். முதலில் விளையாட்டாம். ஒவ்வொருவரும் தன் பெயரோடு ஒரு பழத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"பாவக்கா," என்றார் நானா.

"அது காயல்லவா, ஐயா?" என்று சிரித்தார் பயிற்றுநர்.

"நானும் இன்னும் பழுக்கல்ல, மகன்."

பிறகு திரையில் ஒரு படம் விழுந்தது. பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. நானா எழும்பினார்.

"எங்கட ஊட்டுல குழாயே இல்ல. மூடச் சொல்ற நீங்க மொதல்ல ஒண்டு பூட்டித் தாங்களேன்."

"பொதுவாகச் சொல்கிறோம், ஐயா."

"எங்களுக்குப் பொதுவாத் தாகம் எடுக்கிறல்ல!"

இடைவேளையில், எல்லோரும் பாதி குடித்து வைத்திருந்த போத்தல்களைத் திறந்து ஒரு வாளியில் ஊற்றினார். வாளி நிரம்பிவிட்டது. அதைத் தூக்கிப் பயிற்றுநரின் மேசையில் வைத்து, "இண்டைக்குப் பாடம் இதான்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ஏழு பேர் அவர் பின்னால் போனோம். மற்றவர்கள் சான்றிதழுக்காக இருந்துவிட்டார்கள்.

எங்களுக்குப் பயிற்சி அவருடைய பட்டறையில் நடந்தது. மோட்டார் போடுமுன் எடுத்த கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேநீர். மோட்டார் ஓடி நின்றபின் எடுத்த தண்ணீரில் இன்னொன்று. இரண்டுக்கும் சீனி கிடையாது.

"மேல நல்ல தண்ணி. அடியில உப்புத் தண்ணி. நீ உறிஞ்ச உறிஞ்ச அடியில உள்ளது ஏறி வரும். இத வாயால சொன்னா எவனும் கேக்க மாட்டான். குடிக்கக் குடு!"

ஊராருக்கு எடுக்கும் முதல் வகுப்பு என் தலையில் விழுந்தது. அதுவும் என் கிணற்றடியில். நாலு வீட்டாரும் வந்தார்கள், நானாவும் வந்தார். முதல் தேநீரைக் கொடுத்தேன். குடித்தார்கள். இரண்டாவதை வாயில் வைத்த பக்கத்து வீட்டு ராத்தா, அப்படியே என் கொச்சிக்காய்ப் பாத்தியில் துப்பினார்.

"என்ன தம்பி, கடலயா காய்ச்சினீங்க? எங்கட புள்ளையள் குடிக்கிறது இதயா?"

நானா என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம் மோட்டார் போடுற?"

"விடிஞ்சா... பொழுது படும் வரைக்கும். கண்டு வாடிருமோண்டு பயம், நானா."

"உச்சி வெயில்லயுமா?"

"ஓம்."

"நாலு ஊட்டு வாயில உப்பக் கொட்டிட்டு ஊருக்குப் படிச்சிக் குடுக்க வந்தியா? ஒன்ட பயத்துக்குக் கலா ஓயா ஆத்தத் திருப்பி வுட்டாலும் காணாது!"

மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றைக் கழற்றிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஊருக்கு முன்னால்! கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. பொலிசுக்குப் போவேன் என்று வீட்டில் கத்தினேன்.

"போங்க," என்றாள் மனைவி. "ஒரு முழக் கயிறு களவு போச்சிண்டு எழுதிக் குடுங்க."

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் வந்தார். சலாம்கூடச் சொல்லவில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்தார். மோட்டார் அரை மணித்தியாலம் ஓடியது. அந்த அரை மணித்தியாலமும், ஈரம் காக்கக் கண்டடியில் வைக்கோல் போடவில்லை என்று எனக்கு ஏச்சும் ஓடியது. பிறகு மோட்டாரை நிறுத்திக் கயிற்றோடு போனார். பின்னேரமும் அப்படியே. அந்தப் போகம் முழுக்க இப்படித்தான். நானும் பதிலுக்கு முறைத்துக்கொண்டே வைக்கோல் போட்டேன். ஒரு கண்டு வாடவில்லை. மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு, மறுபடி போட்டுக் கொடுத்த இரண்டாவது தேநீரை ராத்தா துப்பாமல் குடித்தார். நானா கயிற்றை என் தோளில் எறிந்துவிட்டு நடந்தார்.

போன வருடம் வந்த காய்ச்சலோடு அவருடைய நாக்கில் ருசி போய்விட்டது. உப்பும் தெரியாது, சீனியும் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து, என்னோடு இரண்டு தேநீரையும் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"எப்பிடி?" என்பார். அவர் வாயிலிருந்து கோபமில்லாமல் வருகிற சொல் அது ஒன்றுதான்.

"ரெண்டும் ஒண்டு போலதான், நானா."

கண்டு வாடிவிடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அவரிடம் பொய் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. அரை மணித்தியாலம் ஆனதும் மோட்டாரை நிறுத்திவிடுகிறேன்.