மைனஸ் பதினெட்டில் அரைக்கீரை

செல்போனில் ஒரு கட்டுரையைப் பாதி மட்டும் படித்தவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. முழுசாகப் படித்தவன் யோசிப்பான். படிக்காதவன் வாயை மூடிக்கொள்வான். நான் பாதி படித்தவன்.

அண்ணி படாளத்தில் கீரை பயிரிடுகிறார். சில வருடங்களுக்கு முன், மாமல்லபுரம் ஹோட்டல் ஒன்றில் நடந்த கல்யாணத்துக்கு நூற்றைம்பது கட்டு அரைக்கீரை கேட்டிருந்தார்கள். அவருக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். பிடித்திருந்தால் வாராவாரம் எடுப்பதாகச் சமையல் மாஸ்டர் சொல்லியிருந்தார். கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை, அப்போது வேலை தேடிக்கொண்டிருந்த நான் (அதாவது, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நான்) ஏற்றுக்கொண்டேன்.

முந்தின நாள் சாயங்காலமே அறுத்துவிட்டோம். "ஈரக் கோணி போத்தி நெழல்ல வெச்சா போதும் தம்பி" என்றார் அண்ணி.

நான் சிரித்தேன். "அண்ணி, அறுத்த அப்புறமும் கீரை மூச்சு வுடுது. சூட்டுல வேகமா மூச்சு வுட்டு வாடிப்போவும். குளிர்ல வெச்சா அப்டியே நிக்கும்."

இதுவரை சரி. எத்தனை டிகிரி குளிர் என்பது கட்டுரையின் மீதிப் பாதியில் இருந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் என் நண்பன் குமாருக்கு மீன் வியாபாரம். "மச்சான், நம்ம ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டு!" என்றான் பெருமையாக.

"மீன் வாசன?"

"சோப்பு போட்டு கழுவிக்கீறன்டா."

கொஞ்சம் குளிர் நல்லதென்றால் நிறையக் குளிர் ரொம்ப நல்லதுதானே? கீரை உள்ளே போனது.

காலையில் திறந்தால், இலையெல்லாம் கண்ணாடியாக மின்னியது. தட்டினால் டொக்கென்றது. போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பிவிட்டு, லோடு ஆட்டோவில் ஏற்றி ஈசிஆர் சாலையில் கிளம்பினேன். ஹோட்டல் வாசலில் செக்யூரிட்டி விசாரித்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம்.

மாஸ்டர் பெட்டியைத் திறந்தார். பச்சைத் தண்ணீர் அவர் செருப்பில் ஒழுகியது. ஒரு கட்டைத் தூக்கினார். பிழியாத துணியாகத் தொங்கியது.

"இன்னாபா இது? கீரை கேட்டா கஷாயம் எட்தாந்துகீற?" மோந்து பார்த்தார். முகம் மாறியது. "தம்பி, இது சைவக் கல்யாணம்."

எனக்கு வியர்த்ததில் ஒரு ஃப்ரீசரே நிறைந்திருக்கும். அண்ணிக்குப் போன் செய்து, அழாத குறையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கீரைய எப்போ உலைல போடணுமாம்?"

"பதினோரு மணிக்கு."

அடுத்த வாரத்துக்கு விட்டுவைத்திருந்த பாத்தியை அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து அறுத்து, ஈரக் கோணியில் சுற்றிக்கொண்டு, பத்தரைக்கு அண்ணியே வந்து இறங்கினார். இலையில் இன்னும் தண்ணீர் நின்றது. மாஸ்டர் ஒரு தண்டை ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது.

"இதான்மா கீரை" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவர ஆய வுடுங்க."

சமையற்கட்டில் ஏழு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆய்ந்தேன். (எதை வைத்துக்கொள்வது, எதை எறிவதென்று எனக்கு அன்றுதான் ஒருவர் காட்டிக் கொடுத்தார்.) மாப்பிள்ளை வீட்டார் கீரைக் கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாராந்திர ஆர்டரும் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: அந்தத் தம்பி வரக்கூடாது.

இப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். கோடையில் அண்ணியோடு எல்லாரும் ஏசி உள்ள ஒரே அறையில் படுப்போம். ஏசி ரிமோட்டை மட்டும் என் கையில் தரமாட்டார்கள். நான் அதன் பக்கம் கையை நீட்டினாலே போதும், அண்ணி பதறி எழுந்து என் மகளைத் தூக்கிக்கொள்வார்:

"யம்மா, இப்டி வந்துடு! கொழந்தயயும் கஷாயமாக்கிடப் போறான்!"